அக்கா ஸ்பானிஷ் படித்த சாரல் காலம்

மூன்று நாளாகியும் காயாத துணியின் வாடை யாருக்கெல்லாம் தெரியுமோ, அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். என் வயதுக்காரிகளே, உங்களுக்குத் தெரியும். குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில் எங்கள் வீட்டில் ஆனி, ஆடி இரண்டு மாதமும் அம்மா கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் எங்கள் பாவாடையை விரித்துப் போடுவாள். பாதி ஈரமும் பாதிப் புகையுமாக அதை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். வகுப்பே புகைமணம் அடிக்கும். யாரும் யாரையும் கேலி செய்ததில்லை, எல்லோர் வீட்டிலும் அதே கூடைதான்.

அந்த வருடம் எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

அப்பா வேதக்கோயிலில் உபதேசியார். சாமியார் மாதத்துக்கு இரண்டு தடவைதான் வருவார், மற்ற நாளெல்லாம் செபம் சொல்லுவது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, சாவு வீட்டுக்குப் போவது எல்லாம் அப்பாதான். பூசை தமிழுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் அப்பா சிறு வயதில் பீடத்தில் நின்று உதவி செய்தவர். லத்தீன் பூசை முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போதும் சைக்கிளைத் துடைக்கும்போதும் "க்ரேதோ இன் ஊனும் தேயும்" என்று முனகிக்கொண்டே இருப்பார். அம்மா, "அந்தப் பாட்ட நிறுத்திட்டுச் சாப்பிட வாங்க" என்பாள்.

அக்காவுக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்து, வைத்தியர் கையை விரித்துவிட்டாராம். அப்பா கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்று, பிள்ளை பிழைத்தால் அவளைக் கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் ரகசியமாக வைத்திருக்கவில்லை. அக்கா அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தாள், மற்ற பிள்ளைகள் தங்கள் ஜாதகத்தைக் கேட்டுக்கொண்டு வளர்வதுபோல.

பி.யு.சி. முடித்த கையோடு அக்கா ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. அதே சமயத்தில்தான் ஒரு வெள்ளைக்கார மதர், ஸ்பெயினில் இருக்கும் தங்கள் மடத்துக்குப் பெண் கேட்டு எங்கள் ஊருக்கு வந்தார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் வேனை விட்டு இறங்கி வந்து ஆண்டவரே கேட்டதாக நினைத்தார்.

அன்றைக்கு அக்கா அப்பாவிடம் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். அக்கா குழவிக்குப் பக்கத்தில் மாவைத் தள்ளிவிட்டபடி, தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"அப்பா, நான் போகமாட்டேன்னு சொல்லல. ட்ரெய்னிங்குக்கு சீட்டு கெடச்சா ரெண்டு வருஷம் படிச்சிட்டு, கொஞ்ச நாள் டீச்சரா இருந்துட்டுப் போறேன். கெடைக்கலன்னா அது ஆண்டவர் சித்தம். ஒடனே கெளம்பிருதேன்."

அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். "சரி. அவரே முடிவு பண்ணட்டும்" என்றார்.

மதர் போகும்போது அக்காவிடம் ஒரு புத்தகம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் படிக்கும் பழைய புத்தகம். பச்சை அட்டை, முதுகில் துணி பிரிந்து தொங்கும், திறந்தால் பாச்சை உருண்டை வாசம். அதன் கடைசியில் ஐம்பது அறுபது பக்கத்துக்கு வினைச்சொற்களின் பட்டியல். இடது பக்கம் ஸ்பானிஷ் சொல், நடுவில் அது பிறந்த லத்தீன் சொல், வலது பக்கம் அதே வேரிலிருந்து வந்த இங்கிலீஷ் சொல். மற்ற பக்கங்களையெல்லாம் விட்டுவிட்டு அக்கா அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டாள். சீட்டு கிடைத்தாலும் இது வீணில்லை என்று சொல்லிக்கொண்டாள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை. நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவள் மூன்றையும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அப்பா கை கழுவிக்கொண்டே, "லாவாபோ இந்தேர் இன்னொசேந்தேஸ்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா துள்ளி எழுந்தாள்.

"அப்பா, லாவாபோன்னா என்ன தெரியுமா? 'கழுவுவேன்'. சாமியார் பூசையில கை கழுவும்போது சொல்லுவாருல்லா? ஸ்பெயின்ல 'லவார்'. அதே வார்த்தைதான். இங்கிலீஷ்ல லாவட்டரி."

"ச்சீ! பூசை வார்த்தையக் கொண்டுபோய் கக்கூஸ்ல போடுதியே" என்றார் அப்பா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடமாக வாயில் போட்டுச் சுமந்த சொற்களுக்கு அர்த்தம் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"அப்போ க்ரேதோன்னா?"

"நம்புறேன். அங்க 'க்ரெயேர்'. கடைக்காரன் நம்பிக் குடுக்கான்லா, க்ரெடிட், அதுவும் இதுதான்."

"ஓரா ப்ரோ நோபிஸ்?"

"ஓரான்னா வேண்டிக்கோ. 'ஓரார்'. நம்ம ஸ்கூல்ல ஓரட்டாரிகல் போட்டி வைக்காங்கல்ல, அதோட அக்கா தங்கச்சி."

ஒவ்வொன்றுக்கும் அப்பா "அப்படியா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "பாத்தியா, இந்தப் பிள்ளைக்கு அந்த பாஷை எப்படி வருதுன்னு. லத்தீன் கேட்ட வீட்டுப் பிள்ளை. இது அவர் சித்தம் இல்லாம வேற என்ன?" என்றார்.

அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. ஆசையாகச் சொல்லிக்கொடுத்தது தனக்கே எதிராகப் போகிறது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

குற்றாலத்தில் சீசன் நன்றாகப் பிடித்திருந்தது. சனிக்கிழமை காலையில் அக்காவும் நானும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடந்தே போவோம். அருவிக்குக் கீழே நின்றால் காது அடைத்துக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவள் பேசுவதும் கேட்காது. அக்கா என் காதுக்குள் கத்துவாள்: "கயேர்! விழுறது! லத்தீன்ல காதேரே! இங்கிலீஷ்ல ஆக்சிடென்ட்! கேஸ்கேடும் அதுதான்!" ஒரே வேரிலிருந்து அருவியும் விபத்தும் வந்திருப்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். தண்ணீர் தலையில் அறைய அறையச் சிரித்தாள். சுற்றி நின்ற பெண்கள் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். திரும்பி வரும்போது ரம்புட்டான் வாங்கி, தோலைப் பல்லால் கிழித்துத் தின்றுகொண்டே நடந்தோம். "சபேர்ன்னா தெரிஞ்சிக்கிடுறது. ஆனா அதோட லத்தீனுக்கு ருசி பாக்குறதுன்னு அர்த்தம். தின்னு பாத்தாத்தாண்டி தெரியும்" என்றாள். அவள் நல்ல டீச்சராக வந்திருப்பாள். இதை அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சொற்களில் ஒன்றுகூட எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க அக்கா அம்மாவோடு தென்காசிக்குப் போயிருந்தாள். நான் பல்வலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. தபால்கார அண்ணாச்சி சைக்கிளைக் காலூன்றி நிறுத்தி ஒரு கார்டைக் கொடுத்தார். அக்காவின் பெயர். பின்பக்கம் டைப் அடித்திருந்தது. ஆசிரியப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று. எனக்கு வாசிக்கத் தெரியும். நன்றாக வாசித்தேன்.

அக்கா வரும்வரை அதை என் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருக்கலாம். ஆனால் நான் பள்ளிக்கூடம் முழுக்க, "எங்க அக்கா பிளேன்ல போகப்போறா" என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த ஒரு பேச்சினால் எனக்கு முன் பெஞ்சில் இடம் கிடைத்திருந்தது. கார்டைப் பார்த்ததும் அந்த பிளேன் போய்விட்டதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஓடிப்போய்க் கோயிலில் மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் புளி அப்பிய கையைத் துடைத்துவிட்டு வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். "சரி, நான் குடுத்துக்கிடுதேன். நீ போ" என்றார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். அப்பா கொடுக்கவில்லை. சாப்பிட்டோம், செபமாலை சொன்னோம், கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"அந்தக் கார்டு பத்தி அக்காட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லாத. அவளுக்கு மனசு கொழம்பும்."

"அப்போ அக்கா படிக்க வேண்டாமாப்பா?"

அவர் என் தலையில் கையை வைத்தார். "ஏட்டி, அவ செத்துப் பொழச்ச பிள்ளை. அவர்ட்ட குடுக்கேன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு இழுத்தா, நடுவுல அவரு எடுத்துக்கிட்டாருன்னா? எங்கேயோ உசிரோட இருந்தாப் போதும். ஒனக்குப் புரியாது."

அப்பா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். அவர் மகளை அனுப்பிவிட நினைக்கவில்லை, காப்பாற்ற நினைத்தார். ஆண்டவர் முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டு, அந்த ஆண்டவர் முடிவு செய்து அனுப்பியதையே மறைத்துவைத்தோம் என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை.

அதற்கப்புறம் அக்கா தினமும் தபால் நேரத்துக்கு வாசலில் நின்றாள். நான் புத்தகத்தோடு படியில் உட்கார்ந்திருப்பேன். சாரல் முகத்தில் தூவிக்கொண்டே இருக்கும்.

"நமக்கு ஏதும் இருக்கா அண்ணாச்சி?"

தபால்கார அண்ணாச்சிக்குத் தெருவெல்லாம் கார்டு கொடுத்து எது எந்த வீடு என்பது மறந்திருக்கும். "இல்லம்மா" என்று கையை ஆட்டிவிட்டுப் போவார். அக்கா திரும்பி, "ம், அடுத்தத கேளு" என்பாள்.

ஒரு நாள் அடுத்ததாக வந்த சொல் 'எஸ்பெரார்'. நான் கேட்டேன்.

"காத்துக்கிட்டு இருக்குறது" என்றாள். "அப்புறம், நம்பிக்கையோட இருக்குறதுக்கும் அதே வார்த்தைதான். அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு போல. லத்தீன்ல ஸ்பெராரே."

"இங்கிலீஷ்?"

"டெஸ்பேர்."

"அப்படின்னா என்னக்கா?"

"நம்பிக்கை இல்லாமப் போறது" என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தாள். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரம் அப்பா கோயிலிலிருந்து வந்து படியேறினார். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

கார்டில் இருந்த தேதி போனது. பயிற்சிப் பள்ளி திறந்துவிட்டதாகவும், கூடப் படித்த ஒருத்தி சேர்ந்துவிட்டதாகவும் அக்காவுக்குத் தெரியவந்தது. அன்றைக்கு அவள் அழவில்லை. அப்பாவிடம் போய், "மதருக்கு எழுதிப் போடுங்கப்பா" என்றாள். அப்பா "சந்தோஷம்மா" என்றார். அவர் குரல் அவருடையதுபோல் இல்லை.

ஐப்பசியில் அவளை அனுப்பினோம். தென்காசி ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில். ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஏட்டி, கடைசியா ஒண்ணு கேளு" என்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளே சொன்னாள். "வோல்வேர். லத்தீன்ல வோல்வேரே, உருளுறது. இங்கிலீஷ்ல ரிவால்வர்."

"தமிழ்ல?"

"திரும்பி வர்றது" என்றாள். ரயில் நகர்ந்தது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா ரயிலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அப்பாவின் வாயில் நான் லத்தீன் கேட்கவே இல்லை. தண்ணீர் இறைக்கும்போது கயிறும் உருளையும் மட்டும் சத்தம் போடும். அம்மா ஒரு நாள், "ஏன் பாட்டையே காணும்?" என்றாள். "அர்த்தம் தெரிஞ்ச பெறகு சொல்ல வரலை" என்றார்.

அக்காவை அங்கே முதியோர் இல்லத்தில் போட்டார்கள். படுக்கை மாற்றுவதும் கிழவிகளைக் குளிப்பாட்டுவதும் துணி துவைப்பதும் அவள் வேலை. முதல் கடிதத்தில், "படித்ததில் லவார்தான் தினமும் உபயோகப்படுகிறது" என்று எழுதியிருந்தாள். அம்மா அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அப்பா கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். அவள் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கும் பாடம் எடுக்கவில்லை.

அப்பா இறந்தபோது அவளால் வர முடியவில்லை. தந்தி போய்ச் சேர்ந்த நாளில் அடக்கம் முடிந்துவிட்டது. அவருடைய பழைய பூசைப் புத்தகத்தைப் புரட்டியபோது கார்டு உள்ளே இருந்தது. ஓரமெல்லாம் கைப்பட்டுக் கறுத்துப் போயிருந்தது. எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாரோ. அம்மாவுக்குத் தெரியாமல் அதை எடுத்து என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்தேன்.

அக்கா இரண்டே தடவைதான் ஊருக்கு வந்தாள். இரண்டு தடவையும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். முதல் தடவை, அப்பாவின் கல்லறையில் அவள் அவ்வளவு நேரம் முழங்காலில் நின்றதைப் பார்த்ததும் வாய் வரவில்லை. இரண்டாம் தடவை, "அன்னைக்கு சீட்டு கெடைக்காமப் போனதும் நல்லதுக்குத்தாம்டி. ஆண்டவர் என்னை அங்கனதான் வேணும்னு வச்சிருக்காரு. அத நம்பித்தான் இத்தன வருஷம் ஓட்டுதேன்" என்றாள். இதற்கு மேல் எப்படிச் சொல்ல? அவள் நின்றுகொண்டிருந்த ஒரே பலகையை நான் எப்படி உருவ?

இப்போது அக்கா படுக்கை மாற்றிய அதே இல்லத்தில் அவளுக்கு ஒரு படுக்கை. ஞாபகம் போய்விட்டது. போன சித்திரையில் அங்கிருந்து ஒரு நர்ஸ் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். கொஞ்சம் இங்கிலீஷ் பேசினாள். சிஸ்டர் இப்போது ஸ்பானிஷ் பேசுவதில்லை, நாங்கள் சொன்னாலும் புரிவதில்லை, ஏதோ ஒரு பாஷை பேசுகிறார், உங்களுக்குத் தெரிகிறதா பாருங்கள் என்று போனைத் திருப்பினாள். வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஒரு சிறிய முகம்.

"தண்ணி குடுங்கன்னு எத்தன வாட்டி கேக்கேன், ஒருத்தியும் தரமாட்டேங்கா" என்றது அந்த முகம்.

ஐம்பது வருடம் பேசிய பாஷை போய், எங்கள் மேலகரத்துப் பேச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. அன்றிலிருந்து மத்தியானம் மூன்று மணிக்கு நான் போனில் உட்கார்ந்து அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் பேசுகிறேன். தண்ணீர், குளிர், கால்வலி, கஞ்சி சூடு. இங்கிலீஷ் வராத இடத்தில் அந்தப் பச்சைப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லைப் போடுவேன். நர்ஸ் பெண் தலையாட்டுவாள்.

வைகாசியில் ஒரு நாள் அக்கா என்னை உற்றுப் பார்த்து, "ஏட்டி, தபால்கார அண்ணாச்சி போயிட்டாரா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல இனிமேல் என்னால் முடியாது.

"வந்துட்டுப் போயிட்டாருக்கா. ஒனக்குக் கார்டு வந்திருக்கு. சீட்டு கெடச்சிட்டு."

"பொய் சொல்லாத."

உள்ளே போய்க் கார்டை எடுத்து வந்து போனுக்கு முன்னால் பிடித்தேன். அவளுக்கு எழுத்துத் தெரிந்ததோ இல்லையோ, அவள் பெயரைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னாரு?"

"போய்ப் படிக்கட்டும்னு சொன்னாரு."

அவள் அழுதாள். நர்ஸ் பெண் பயந்துபோய் என்ன செய்தி என்று கேட்டாள். நல்ல செய்தி என்றேன். மறுநாள் அவளுக்கு எல்லாம் மறந்திருந்தது. மறுபடி அண்ணாச்சியைக் கேட்டாள், மறுபடி கார்டைக் காட்டினேன். எட்டு ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. ஒவ்வொரு நாளும் அவளுக்கு அது முதல் தடவை. பாரத்தை இறக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

நேற்று நர்ஸ் பெண் மூன்று மணிக்கு முன்னாலேயே கூப்பிட்டாள். சிஸ்டர் காலையிலிருந்து சாப்பிடவில்லை, அலமாரியில் இருந்த துணியையெல்லாம் ஒரு போர்வையில் மூட்டை கட்டிக்கொண்டு வாசல் கதவடியில் நிற்கிறார், யார் கையைப் பிடித்தாலும் உதறுகிறார், எங்கே போக வேண்டுமாம் கேளுங்கள் என்றாள்.

போனை அக்காவிடம் கொடுத்தார்கள். மூட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏட்டி, அப்பா எங்க? சேர்க்க வாரேன்னாருல்லா? பஸ் போயிரும், சீக்கிரம் வரச்சொல்லு."

ஒரு பொய்யை மறைக்க ஐம்பது வருடம். அதைத் திறந்து காட்டியதும் அவளைக் கொண்டுபோய் ஒரு வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

"சட்டை மாத்திக்கிட்டு இருக்காருக்கா" என்றேன். "இந்தா, வந்துட்டாரு. நீ அதுவரைக்கும் அங்கன உக்காரு."

"சரி" என்றாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.